மருதமரத்தைப் பார்த்தீர்கள், தண்ணீரைப் பார்க்கவில்லை

கேள்வி: வங்கியில் வேலை செய்கிறேன். கொழும்பில் பதினொரு வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு வவுனியாவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். நகரத்துக்குச் சற்று வெளியே, ஒரு குளத்துக்குக் கீழே புதிதாகத் துண்டு பிரித்து விற்கிறார்கள். இரண்டு பரப்பு. அமைதியான இடம், ஓரத்தில் பெரிய மருதமரம் நிழல் தருகிறது. ஆவணியில் போய்ப் பார்த்ததுமே மனதுக்குப் பிடித்துவிட்டது. அயலில் வசதி குறைந்த சனம் என்பதால் முதலில் ஏழடி மதில் கட்ட எண்ணம். இரண்டு பெண் பிள்ளைகளோடு குடும்பமாக வாழ உகந்த இடம்தானே?
— வாசகர், வவுனியா

பதில்: மருதமரம் உங்களுக்கு நிழல் தர முளைக்கவில்லை. ஈரம் எங்கே நிற்குமோ அங்கேதான் அது நிற்கும். அதன் அடியில் கோரைப்புல்லும் இருந்திருக்குமே, கவனித்தீர்களா? ஆவணியில் அதுவும் காய்ந்து கிடந்திருக்கும். தரகர் கால்களால் மிதித்துக்கொண்டே விலை பேசியிருப்பார்.

வவுனியாவைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பண்டாரிக்குளம், நெளுக்குளம், வேப்பங்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம், இறம்பைக்குளம். அழகுக்காக வைத்த பெயர்கள் அல்ல. குளத்துக்குக் கீழே உள்ள நிலம் என்றால் வன்னியில் அது பெரும்பாலும் வயல். வயலை நிரப்பி வீடு கட்ட நினைத்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். எழுத்தில் அனுமதி வேண்டும். நான்கு லோட் கிரவல் கொட்டிவிட்டால் வயல் வளவாகிவிடாது. கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் கேளுங்கள். இங்கே எத்தனையோ காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. வங்கியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

முற்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கார்த்திகையில், விடிய விடிய மழை பெய்த மறுநாள் போங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போவது நல்லது. குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, ஒழுங்கை எத்தனை நாள் சேறாகக் கிடக்கிறது, பள்ளிக்கூட ஓட்டோ எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையெல்லாம் அன்றைக்குப் பார்க்கலாம். பழைய வீட்டுச் சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன கோடு இருக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் எத்தனை குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஓடின என்பதை அங்கே மாற்றலில் இருந்த உங்கள் சக ஊழியர் யாராவது சொல்வார்.

அப்படியே அந்த "வசதி குறைந்த சனம்" வீடொன்றில் ஏறித் தேநீர் கேளுங்கள். இல்லையென்று சொல்லமாட்டார்கள். குடித்துவிட்டு, கூச்சப்படாமல் கேத்திலின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு கட்டியிருந்தால் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். சிறுநீரக நோய் பதிவாகியுள்ள மாவட்டம் இது. தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு போகாது.

பாடசாலையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சின்ன மகளை இனித்தான் முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமென்றால், அனுமதியில் பெரும் பங்கு அருகில் வசிப்போருக்கு என்பதையும், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எந்த முகவரியில் எத்தனை வருடம் இருந்தது என்று பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இனி மதிலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். நகரத்தின் ஓரங்களில் குடியிருப்பவர்களில் பலர் இடம்பெயர்ந்து வந்தவர்கள். பூந்தோட்டம், சிதம்பரபுரம் முகாம்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டு, காட்டை வெட்டி, தறப்பாள் கொட்டிலில் தொடங்கி, ஒரு கிணறு, ஒரு பாலைமர நிழல், ஒரு முன்பள்ளி என்று ஊராக்கியவர்கள். உங்கள் தரகர் "அமைதியான சூழல்" என்று விற்பது அவர்கள் உண்டாக்கிய ஊரைத்தான். அவர்கள் வளவுகளுக்குக் கிடுகு வேலியும் படலையும் இருக்கும். வேலிக்கு மேலால் கறிவேப்பிலை கை மாறும், பாம்பு வந்தால் கூப்பிட்ட குரலுக்கு நாலுபேர் தடியோடு வருவார்கள்.

ஏழடி மதிலுக்கு மேலால் கறிவேப்பிலை வராது. அது போகட்டும், சந்தையில் வாங்கலாம். மாரியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். மூத்தவள் ரியூசன் முடிந்து சைக்கிளில் வருகிறாள், ஒழுங்கை முனையில் செயின் கழன்றுவிட்டது, உங்களுக்கு வங்கியில் கணக்கு முடியவில்லை என்று வையுங்கள். அந்த நேரத்தில் "யாரம்மா அது?" என்று படலையைத் திறந்துகொண்டு வெளியே வரப்போவது யார்? நீங்கள் மதில் கட்டி மறைக்க நினைத்த வீட்டுக் கிழவிதான்.