பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு வழிகாட்டல்: கேள்வி பதில்

கொழும்பில் படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில.

முதுகலை மாணவி, வெள்ளவத்தை: மிஸ், எங்கள் துறையில் பேராசிரியர்கள் எல்லாரும் ஆண்கள். பெண் வழிகாட்டி ஒருவரைத் தேடத்தான் வேண்டுமா?

தங்கச்சி, எல்லாவற்றையும் ஒருவரிடமே தேட வேண்டாம். ஆய்வு முறையை அது நன்றாகத் தெரிந்த சேர் ஒருவரிடம் தாராளமாகக் கேளுங்கள். வீட்டையும் ஆய்வையும் எப்படிச் சமாளிப்பது என்பதை வேறு துறையில் உள்ள ஓர் அக்காவிடம் கேளுங்கள். "எனக்கு வழிகாட்டுவீர்களா?" என்று போய் நின்றால் யாருக்கும் உடனே பதில் சொல்ல வராது. இரண்டு பக்கச் சுருக்கத்தை அனுப்பி, "மாதிரித் தெரிவு பற்றி அரை மணித்தியாலம் கதைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர், தெஹிவளை: கம்பஸில் பெண்கள்தானே கூட? பிறகு என்ன சமத்துவம்?

உண்மைதான் தம்பி, அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் பொறியியலில் இன்னும் குறைவு. மேலே போகப் போக இன்னும் குறைகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தராகப் பேராசிரியை சாவித்திரி குணசேகர வந்தது 1999இல். யாழ்ப்பாணத்தில் பேராசிரியை வசந்தி அரசரட்ணம் வர 2011 ஆனது. இலவசக் கல்வி பெண்களை உள்ளே கொண்டுவந்தது. பதவி உயர்வுக்கோ ஆய்வு நிதி, வெளியீடு, குழுக்களில் இடம் எல்லாம் வேண்டும். அவை பெரும்பாலும் ஆள் பழக்கத்தால் கிடைக்கின்றன.

ஆண் விரிவுரையாளர், கொழும்பு 7: மூத்தவன் என்ற முறையில் நான் என்ன செய்யலாம்?

இப்படி ஒருவர் கேட்டது எனக்கு மிகுந்த சந்தோஷம். உங்கள் துறைக் கூட்டத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது யார், விருந்தினர் வந்தால் தேநீர் ஏற்பாட்டுக்கு யாரின் பெயரைப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். அநேகமாக இளம் பெண் விரிவுரையாளர் ஒருவர்தான். பதவி உயர்வு விண்ணப்பத்தில் அந்த வேலைக்குப் பெரிய பெறுமதி இல்லை. அதைச் சுழற்சி முறையில் பிரித்துக் கொடுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து. அப்புறம், நிதி விண்ணப்பத்தில் அவரை இணை ஆய்வாளராகப் போடுங்கள். தரவைச் சேகரித்து முதல் வரைவும் எழுதியவர் அவரென்றால் கட்டுரையில் முதல் பெயரும் அவருடையதாக இருக்கட்டும். வெளிநாட்டு மாநாட்டுக்கு ஆளைத் தெரிவுசெய்யும்போது, "அவவுக்குச் சின்னப் பிள்ளை, போகமாட்டா" என்று யாராவது சொல்லுவார்கள். "அவவிடமே கேட்போம்" என்று நீங்கள் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் இல்லாத கூட்டத்தில் அவருக்காகப் பேச ஆள் இல்லை. என் பார்வையில் வழிகாட்டியின் முதல் வேலை அதுதான்.

மாணவி, பெயர் வேண்டாம்: மேற்பார்வையாளர் இரவில் தனியே சந்திக்கக் கூப்பிடுகிறார்.

போக வேண்டாம். பகலில் அலுவலகத்தில் சந்திக்கலாம் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்தால் பீடாதிபதியிடம் எழுத்தில் கொடுத்து, மேற்பார்வையாளரை மாற்றக் கேளுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். "பட்டம் கெட்டுவிடும், பொறுத்துக்கொள்" என்று சொல்பவர் வழிகாட்டி இல்லை.

விரிவுரையாளர், கொட்டாஞ்சேனை: கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன், குழந்தை பிறக்கப்போகிறது. நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம். அரச துறையில் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. அதை ஆய்வு எழுதும் காலமாக நினைக்க வேண்டாம், அது உங்களுக்கும் பிள்ளைக்கும் உரியது. போகமுன் மேற்பார்வையாளருடன் இருந்து எந்த அத்தியாயம் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். கால நீடிப்பையும் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.