தெருவில் தேங்கும் மழைநீர்: மனு எழுதும் முன் மட்டம் பாருங்கள்

கேள்வி: சென்னைப் புறநகரில் குடியிருக்கிறோம். நல்ல மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, வடிய இரண்டு நாள் ஆகிறது. தெருவில் வடிகால் இருக்கிறது, பிரதான சாலையிலும் இருக்கிறது. மூன்று முறை மனு கொடுத்தோம். மோட்டார் வைத்து இறைத்துவிட்டுப் போகிறார்கள். நிரந்தரத் தீர்வுக்கு என்ன வழி?

பதில்: “தண்ணீர் தேங்குகிறது, நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் தேங்கிய தண்ணீரை இறைப்பதுதான் நடவடிக்கை. அதோடு மனுவும் முடித்துவைக்கப்படும். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது, எதனால் நிற்கிறது, அந்த இடம் யாருடைய பொறுப்பு என்ற மூன்றும் மனுவில் இருந்தால்தான் பொறியாளர் மதிப்பீடு போட வேண்டிய வேலையாக அது மாறும்.

பொறுப்பில்தான் பெரும்பாலான மனுக்கள் சிக்கிக்கொள்கின்றன. உட்புறத் தெருவும் அதன் வடிகாலும் உள்ளாட்சியுடையவை. பிரதான சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அதன் ஓர வடிகாலும் பெரும்பாலும் அவர்களுடையதே. ஏரி, உபரிநீர்க் கால்வாய் நீர்வளத் துறையின் கையில். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கும், கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கும் உரியது. தெரு வடிகால் பிரதான சாலை வடிகாலில் சேரும் அந்த ஒரு முனையில்தான் கோளாறு என்றால், இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும். உங்கள் விவரத்தைப் பார்த்தால் சந்தேகம் அந்த முனையில்தான் விழுகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் டியூப் 15 மீட்டர் வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை உங்கள் தெருவின் கடைசி வடிகால் சல்லடையருகே ஒருவர் பிடிக்கட்டும், மறுமுனையைப் பிரதான சாலை வடிகால் சல்லடையருகே இன்னொருவர் பிடிக்கட்டும். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வடிகாலின் தரைவரை ஒரு நீளக் கம்பை இறக்கி அளந்து பாருங்கள். தெருப் பக்கம் 120 செ.மீ., சாலைப் பக்கம் 95 செ.மீ. என்று வந்தால் சாலை வடிகாலின் தரை 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. எத்தனை முறை தூர் வாரினாலும் அந்த 25 செ.மீ. தண்ணீர் உங்கள் வடிகாலைவிட்டு வெளியேறாது, அதற்கு மேலுள்ளதும் மெதுவாகத்தான் வடியும். கம்பு சேற்றில் குத்தி நின்றால், அடித்தரை தட்டும்வரை அழுத்தி, சேற்றின் கனத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சல்லடை வழியாகவே அளக்க வேண்டும். மூடியைத் திறந்து யாரையும் உள்ளே இறக்காதீர்கள், விஷவாயு உயிரைக் குடித்துவிடும். மழையில்லாத பகல் நேரத்தில் செய்யுங்கள், தேங்கிய தண்ணீரில் மின்கசிவு இருக்கலாம்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்து சாலையின் உயரத்தைப் பாருங்கள். பழைய தாரின் மேல் புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு வாசற்படிக்கு மேல் ஏறிவிட்ட ஊர்கள் நிறைய. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே உத்தரவிட்டிருக்கிறார். அதைக் காட்டி எழுத்தில் கேட்க வேண்டிய நேரம் ஜல்லி இறங்குவதற்கு முன்பு. தார் ஊற்றிய பிறகு யாரும் சுரண்ட வரமாட்டார்கள்.

மூன்றாவது சாத்தியம், தண்ணீர் போன பழைய வாய்க்கால் மறைந்துபோனது. அரசின் இணைய நிலச் சேவைத் தளத்தில் ‘அ’ பதிவேட்டையும் (புல எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு) புலப்பட வரைபடத்தையும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள். அங்கே வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்து, தரையில் மதில் சுவர் நின்றால், அளந்து ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி வட்டாட்சியருக்கு மனு போக வேண்டும். உள்ளாட்சிப் பொறியாளரால் இதில் செய்யக்கூடியது கொஞ்சமே.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதலாம்: “மின்கம்பம் 14-க்கும் 17-க்கும் இடையே சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை அடித் தண்ணீர் நிற்கிறது, மழை நின்றபின் 40 மணி நேரம் வடிவதில்லை. பிரதான சாலை வடிகாலின் தரை தெரு வடிகாலின் தரையைவிட 25 செ.மீ. உயரமாக உள்ளது. இரு துறையினரும் கூட்டு ஆய்வு செய்து, இணைப்பு வடிகாலைச் சரியான மட்டத்தில் மாற்றி அமைக்கக் கோருகிறோம்.” ‘கூட்டு ஆய்வு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இரண்டு பொறியாளர்கள் ஒரே நேரத்தில் ஒரே சல்லடையருகே வந்து நின்றால்தான் கைகாட்டல் நிற்கும். படங்களில் மின்கம்ப எண் தெரியட்டும், வாசல் சுவரில் சுண்ணாம்பால் போட்ட நீர்மட்டக் கோடும் தெரியட்டும்.

மாநகராட்சி ஆணையருக்கும் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கும் தனித்தனியாகக் கொடுத்து, தபால் பிரிவில் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பிறகு அதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். இரு துறைகளையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் ஆட்சியர். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும், சென்னையில் 1913-உம் அடைப்பு, உடைந்த மூடி போன்றவற்றுக்கு நன்றாகப் பயன்படும். மட்டம் மாற்றும் வேலைக்கு எழுத்து மனுதான் வேண்டும்.

நேரம் மிக முக்கியம். நவம்பரில் கொடுக்கும் மனுவுக்கு மோட்டார்தான் வரும். அப்போது எடுத்த படங்களோடு ஜனவரியில் கொடுங்கள். பட்ஜெட்டுக்கு முன் மதிப்பீடு தயாரானால், டெண்டர் விட்டு அக்டோபருக்குள் வேலை முடிய வாய்ப்புண்டு.

30 நாளில் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணம் கேளுங்கள்: மனுமீதான கோப்புக் குறிப்பு, கடைசியாகத் தூர் வாரிய பணி ஆணை, அதன் அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள் (செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதிந்துவைப்பது). தூர் வாரியதாகக் கணக்கு இருந்து, உங்கள் கம்பில் ஒரு அடிச் சேறு தட்டினால், அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

‘நிதி இல்லை’ என்று பதில் வந்தால் தயங்க வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடை அமைக்கும் கடமையிலிருந்து பணமில்லை என்று சொல்லி நகராட்சி தப்ப முடியாது என உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. அந்த மக்கள் நாடியது பொதுத் தொல்லைக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவை. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். அதற்கும் மேல் உயர் நீதிமன்றம்.

உங்கள் பக்கத்தையும் சரிசெய்துகொண்டே கேளுங்கள். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத் தெருவில் 10 செ.மீ. மழை என்றால் 60,000 லிட்டர். இருபுறமும் சேர்த்து, தலா ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) 20 வீடுகள் இருந்து, அத்தனை மாடியும் சிமெண்ட் முற்றமும் தெருவில் வடிந்தால் இன்னும் சுமார் 4,46,000 லிட்டர் சேரும். சாலையைவிட நம் வீடுகள் கொட்டும் தண்ணீரே ஏழு மடங்கு. மழைநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். சல்லடையை மூடும் வாகனச் சாய்தளத்தையும், வடிகாலில் விட்ட கழிவுநீர்க் குழாயையும் முதலில் எடுங்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளர் கண்ணில் முதலில் படுவது அவைதான்.

வேலை நடக்கும்போது யாராவது ஒருவர் நின்று பாருங்கள். மேல்மூடி போடும் முன் தெருவின் மேட்டு முனையில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அது நடுவில் எங்காவது குளம்போல் நின்றால் அங்கே சரிவு தப்பு. மூடி போடாத வரையில் ஒப்பந்ததாரரே அன்றைக்கே கலவை போட்டுச் சரிசெய்துவிடலாம்.