கடைசி வரிய படிச்சியா தம்பி?

அக்காவுக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டை, கொரியர் ஆபீஸ்ல வேலை. டெய்லி ட்ரெயின்ல போகும்போது கோர்ட்டு கேஸுங்க, அதப் பத்தி வக்கீலுங்க எழுதுற விளக்கம் எல்லாம் ஃபோன்ல படிப்பேன். வீட்ட இடிக்கணும்னா 15 நாள் நோட்டீஸ் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னத கால்வா ஓரம் இருக்கற நம்ம ஜனத்துகிட்ட சொன்னேன், எல்லாருக்கும் தைரியம் வந்துடுச்சு. இன்னும் தெரிஞ்சுக்க யாரப் படிக்கலாம்? 29 வயசுல லா சேரலாமா? இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும். (பேர் வேணாம்னு கேட்டிருக்காரு.)

தம்பி,

ரெண்டு வாரமா இதே நெனப்புல தான் இருக்கேன், கரெக்டா உன் லெட்டர் வருது. ட்ரெயின் கூட்டத்துல நின்னுக்கினு கோர்ட்டு விஷயம் படிக்கிற பையன் நம்ம பக்கம் இருக்கான்னா எனக்கு அவ்ளோ சந்தோஷம்பா. லா தாராளமா சேரு, 29லாம் ஒரு வயசா.

ஆனா கால்வா ஓரம் போய் சொன்ன பாரு, அதுக்கு உன்ன திட்டாம விட மாட்டேன். நீ தீர்ப்பப் படிச்சியா, இல்ல தீர்ப்பப் பத்தி எவனோ எழுதினதப் படிச்சியா? 2024 நவம்பர் 13, நீதிபதிங்க கவாய், விஸ்வநாதன் குடுத்தது, 90 பக்கத்துக்கு மேல. அதுல உத்தரவு ஆரம்பிக்கற எடத்துலயே மொதல்ல இன்னா போட்டிருக்குன்னா, ரோடு, தெரு, ப்ளாட்பாரம், ரயில் ரோட்டு ஓரம், ஆறு, நீர்நிலை இந்த மாதிரி பொது எடத்துல அனுமதி இல்லாம கட்டினதுக்கு இது பொருந்தாது, கோர்ட்டே இடிக்கச் சொன்ன கேசுக்கும் பொருந்தாது. நம்ம ஏரியால இந்தப் பக்கம் ரயில் ரோடு, அந்தப் பக்கம் கால்வா, நடுவுல தானே ஜனம் கெடக்குது? யாருக்கு பொருந்தாதோ அவங்களுக்கே போய் தைரியம் சொல்லிட்டு வந்திருக்க.

1985ல ஓல்கா டெல்லிஸ் கேசும் இப்படித்தான். பம்பாய் ப்ளாட்பார ஜனத்துக்காக நடந்தது, அஞ்சு நீதிபதிங்க, பொழப்பு இல்லாம உசுர் ஏது, அதனால பொழப்பும் வாழற உரிமைல சேந்ததுதான்னு எழுதினாங்க, இன்னிக்கும் மேடைக்கு மேடை அதத்தான் சொல்றோம். கடைசில ஆர்டர் இன்னா? மழைக்காலம் போகட்டும், அக்டோபர் 31 வரைக்கும் கை வைக்காதீங்க, அப்புறம் தூக்கலாம். ஜனம் சொல்றத கேக்காம தூக்கக் கூடாதுன்னு சொன்ன அதே தீர்ப்புல, இவங்க சொல்றத நாங்களே கேட்டுட்டோம், திரும்ப தனியா கேக்க வேணாம்னும் இருக்கு.

எங்க வீட்டுலயும் இந்தக் கதை நடந்துச்சு, எனக்கு அப்ப 11 வயசு. கொருக்குப்பேட்டைல கால்வா பக்கம் வீடு. நைனா ஐகோர்ட்டுல ரிட் மனு போட்டு, வீட்ட இடிக்கக் கூடாதுன்னு ஸ்டே, அதாவது தடை உத்தரவு வாங்கினாரு. நீளமான பேப்பர், டைப் அடிச்சது, அடியில ஊதா சீல். ஆயா பால் கவர கழுவி காய வெச்சு, அதுக்குள்ள மடிச்சுப் போட்டு சாமி படத்துக்குப் பின்னாடி சொருவி வெச்சிருந்துச்சு. ஸ்டே வந்துடுச்சு இனிமே ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்னு வக்கீல் சொல்ல, நைனா தெருவுக்கே டீ வாங்கிக் குடுத்தாரு. கடைசி வரில நாலு வாரத்துக்கு மட்டும்னு இங்கிலீஷ்ல இருந்திருக்கு. அந்த வக்கீல் அத சொல்லவும் இல்ல, நீட்டிக்கச் சொல்லி மனு போடவும் இல்ல. அஞ்சாவது வாரம் காலங்காத்தால வண்டி வந்து நிக்குது, நைனா பேப்பர தூக்கிக்கினு ஓடுறாரு, அந்த அதிகாரி வாங்கிப் படிச்சுட்டு கட்டை விரல கடைசி வரில வெச்சு காட்டி திருப்பிக் குடுத்தாரு. சத்தம் கூட போடல. அந்தப் பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு, மடிப்புல கிழிஞ்சு நாலு துண்டா.

அதனால இங்கிலீஷ் தடுமாறும்ங்கற கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். பத்து வார்த்தை கத்துக்க போதும். இன்டரிம்னா தற்காலிகம். டிஸ்போஸ்டுன்னா கேஸ முடிச்சுட்டாங்க, ஜெயிச்சோம்னு அர்த்தம் இல்ல. விசாரணைல நீதிபதி கோவமா கேட்ட கேள்வி நியூஸ்ல பெருசா வரும், அது ஆர்டர் இல்ல.

ஞாயித்துக்கெழம மறுபடி கால்வா ஓரம் போ. தப்பா சொல்லிட்டேன்னு உன் வாயாலயே சொல்லு, கூச்சப்படாத. யாருகிட்ட இன்னா நோட்டீஸ் இருக்கு, தேதி இன்னா, ஸ்டே இருந்தா எதுவரைக்கும், ஒரு நோட்டுல எழுது. ஐகோர்ட்டு வளாகத்துலயே இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்கு, பொம்பளைங்களுக்கும் எஸ்சி எஸ்டி ஜனத்துக்கும் வருமானம் பாக்காம வக்கீல் வெச்சுக் குடுக்கணும்னு 1987 சட்டத்துல இருக்கு. அந்த நோட்டோட ரெண்டு அக்காங்கள கூட்டிக்கினு அங்க போ, போயிட்டு வந்து எனக்கு எழுது.