உண்ணி கடித்தபின் இயோசினோபில் கூடினால் அது உண்ணிக் காய்ச்சலா?

"தம்பிக்கு வயலில வைச்சு உண்ணி கடிச்சது. ரெண்டு கிழமைக்குப் பிறகு எடுத்த எப்.பி.சி.யில இயோசினோபில் 9 வீதம். உண்ணிக் காய்ச்சல் வரப்போகுதா?" என்று அக்கரைப்பற்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எப்.பி.சி. என்பது இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை. இயோசினோபில் வெள்ளணுக்களில் ஒரு வகை.

மட்டக்களப்பில் 14 வருடமாக இரத்தம் பார்க்கும் வேலை செய்கிறேன். இப்படியொரு ரிப்போட்டைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் வருகிறவர்கள் பலர். அதனால் முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அந்த 9 வீதம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் இல்லை. அந்தக் காய்ச்சல் மூண்டு நிற்கும் நாட்களில் இரத்தத்தில் இயோசினோபில் பெரும்பாலும் குறைந்துபோகும். சிலருக்கு ஒன்றுகூடக் கண்ணில் படாது.

படிக்கும்போதே இது எனக்குச் சொல்லித்தந்த விசயம்தான். ஆனாலும் மனதில் பதிந்தது என் மாமாவின் இரத்தத்தைப் பார்த்த அன்றைக்கு. மாமாவுக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப்பட்டி. பெரும்போக விதைப்புக்கு முன்னர் பட்டியை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போனவர், பற்றைக்காட்டு ஓரமாக வாடி அடித்து மூன்று இரவு கிடந்தார். வீடு திரும்பிப் பத்து நாளில் காய்ச்சல். "மண்டை பிளக்குது மனே" என்று கட்டிலில் புரண்டார். டெங்கு என்றார்கள். பிறகு ஒரு இடத்தில் அமொக்சிசிலின் கொடுத்தார்கள். ஆறாம் நாள் நானே அவருடைய இரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்துச் சாயமிட்டுப் பார்த்தேன். பிளேட்லெட் 90,000. வெள்ளணுக்கள் நூறை எண்ணினேன், ஒரு இயோசினோபில் இல்லை. மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம் (ஆஸ்துமா), எப்போது பார்த்தாலும் இயோசினோபில் 7, 8 வீதம் இருக்கும். அது எங்கே போனது என்று யோசித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது.

அன்று பின்னேரம் வார்டில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை மாமாவின் சாரத்தை விலக்கி, தொடை இடுக்கில் ஒரு கருஞ்சிரங்கைக் கண்டுபிடித்தார். சிகரெட்டால் சுட்ட தழும்புபோல, சுற்றிவரச் சிவந்து. நோவு இல்லாததால் மாமாவுக்கே அது தெரியாது. டொக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் உண்ணிக் காய்ச்சல் கிருமியிடம் எடுபடாது. கலங்களுக்கு உள்ளே புகுந்து வாழுகிற கிருமி அது.

"எத்தனை உண்ணி பிடுங்கினவன் நான், கடிச்சா எனக்குத் தெரியாதா?" என்று மாமா இன்றைக்கும் வாதிடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழில் 'உண்ணி' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பூச்சிகளைப் போட்டு வைத்திருக்கிறோம். மாட்டிலும் நாயிலும் இரத்தம் குடித்துப் பருத்துத் தொங்குவது ஒன்று. அந்த இனங்களில் சில, புள்ளிக் காய்ச்சல் தரும் ரிக்கெற்சியா கிருமிகளைப் பரப்பும். இலங்கையில் அது கூடுதலாக மலைநாட்டில். மற்றது ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத சிற்றுண்ணியின் குஞ்சு. பற்றைகளில் இருந்து ஏறி, கடித்துவிட்டு விழுந்துவிடும். மாமாவுக்கு வந்த ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் அதனால் வருவது, வடக்கில் அதிகம் கண்டிருக்கிறார்கள். கருஞ்சிரங்கு அதற்கே உரிய அடையாளம்போல இருந்தாலும், எல்லோருக்கும் வருவதில்லை.

இனி இயோசினோபில். 1879இல் போல் ஏர்லிக் என்ற ஜேர்மன் மருத்துவர் இயோசின் சாயத்தை இந்த அணு ஆசையோடு பிடித்துக்கொள்வதைக் கண்டு அடையாளப்படுத்தினார். அந்தச் சாயத்தின் பெயர் விடியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எழுவான்கரையில் சூரியன் கிளம்பும்போது கடலில் விழுகிற அதே செம்மஞ்சள்தான், நுணுக்குக்காட்டிக்குள் மணி மணியாகத் தெரியும். எனக்கு இத்தனை வருடத்திலும் அலுக்காத காட்சி. அந்த மணிகளுக்குள் இருப்பது நச்சுப் புரதம். விழுங்கிவிட முடியாத பெரிய எதிரியின்மேல், குடற்புழு போன்றவற்றின்மேல், கொட்டுவதற்காக உடம்பு சேர்த்து வைத்தது. கடும் கிருமித்தொற்றில் உடம்பு கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் கூட்டும்போது இந்த அணுக்கள் இரத்தத்தை விட்டு விலகிவிடுகின்றன. மாமாவுக்கு நடந்தது அதுதான்.

உண்ணிக்கும் இயோசினோபிலுக்கும் உறவே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த உறவு கடிவாயில் இருக்கிறது. வில்லியம் ட்ரேகர் 1939இல் கினிப்பன்றிகளில் காட்டினார்: ஒருமுறை உண்ணி கடித்த பிராணியை மறுமுறை கடிக்கும் உண்ணிகளால் வயிறு நிறையக் குடிக்க முடிவதில்லை. அந்தத் தோலில் பேசோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் இயோசினோபில்களும் கூடி நிற்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். உங்கள் தம்பிக்குக் கடித்த இடத்தில் கிழமைக்கணக்காகச் சொறியும் ஒரு கட்டி இருந்தால், அது பெரும்பாலும் இந்த எதிர்ப்பின் மிச்சம்.

மொத்த வெள்ளணு எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. வீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்தம் 6,000 என்றால் அதில் 9 வீதம் 540. ஒரு மைக்ரோலீற்றரில் 500 வரை சாதாரணம், ஆகவே இது சற்றே கூட. எங்கள் பக்கத்தில் அதற்குக் காரணம் குடற்பூச்சி, முட்டு, தும்மல், தோலில் வரும் கரப்பான், சில மாத்திரைகள். 1,500ஐத் தாண்டி மாதக்கணக்காக நின்றால்தான் கதை வேறு. எதிரி இல்லாத இடத்திலும் அந்த நஞ்சு கொட்டுப்பட்டு மூச்சுக்குழாய், நரம்பு, இதயம் என்று சொந்த உறுப்புகளே காயப்படும். அப்போது நிபுணரிடம் போகத் தாமதிக்கக்கூடாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இயோசினோபில் கூட என்றவுடன் கடையில் பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ரிப்போட்டில் எண் குறையும், சுகம் வந்ததுபோல இருக்கும். ஆனால் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கலாம். ஸ்டீரொயிட் உள்ளே போனதும் அது உடம்பெங்கும் பெருகி உயிரையே எடுத்திருக்கிறது. முதலில் மலப் பரிசோதனை செய்து, டொக்டரோடு கதையுங்கள்.

தம்பிக்குக் காய்ச்சல் இல்லையென்றால் கடித்த நாளிலிருந்து மூன்று கிழமை வரை கவனித்துக்கொண்டிருங்கள். காய்ச்சலோ தலையிடியோ வந்தால் கமக்கட்டு, தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, இடுப்புப்பட்டி இறுகும் இடம் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். சிரங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிக்கற் எழுதும்போதே "வயலில உண்ணி கடிச்சது, இத்தனையாம் திகதி" என்று நீங்களாகச் சொல்லுங்கள். மாமாவிடம் அதை ஆறு நாளாக ஒருவரும் கேட்கவில்லை, நானும் உட்பட.