வாசகர் கேள்வி: பழைய வேலை வண்டி கூட்டத்தோடு ஓடுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். நண்பர்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் குச்சவெளிப் பக்கத்து மண் பாதைகளில் குவாட் வண்டி (மோட்டார் சைக்கிள் போல ஹாண்டில் பிடித்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டி) ஓடுகிறார்கள். அவர்களிடம் இருப்பதெல்லாம் 500 சீசீ, ஓட்டோ கியர், பவர் ஸ்டியரிங். தம்பலகாமத்தில் வயல் வேலைக்கு நின்ற 1996ஆம் ஆண்டு ஹொண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300 ஒன்று, நாலு சக்கரமும் இழுக்கிற வகை, எனக்கு விலைக்கு வருகிறது. அதை வாங்கிக்கொண்டு போனால் நான் அவர்களுக்குப் பாரமாகி விடுவேனா?
– நிலாவெளி வாசகர்

பதில்: தம்பி, பாரமாக மாட்டீர்கள், ஆனால் வேகத்தை விட்டுவிட்டு வேறு இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: வண்டியைக் கடலுப்பு எவ்வளவு தின்றிருக்கிறது, உங்கள் கூட்டம் ஓடுகிற விதம் எப்படி.

அந்த வண்டி 1988 முதல் 2000 வரை வந்தது, காற்றாலேயே குளிர்கிற 282 சீசீ எஞ்சின், கைக் கிளச் இல்லாமல் காலால் மாற்றுகிற ஐந்து கியர், சக்கரத்தைச் சுற்றுவது செயின் இல்லை, சாஃப்ட் என்கிற சுழல் தண்டுதான். முதல் கியர் உழவு வண்டிக்குரிய இழுவை. உங்கள் நண்பர்களின் ஓட்டோ கியர் வண்டியில் பெரும்பாலும் பெல்ட் இருக்கும், அதற்குள் தண்ணீர் போனால் வழுக்கும், உங்களுடையதில் அந்தத் தொல்லையே இல்லை. இறக்கத்தில் கியரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் நல்லது. கெட்டதையும் சொல்ல வேண்டும். நாலு சக்கரமும் எப்போதும் இழுப்பதால், அந்த இழுவையை நிறுத்தி வைக்க வழி இல்லாததால், ஸ்டியரிங் கனக்கும், மணலில் ஒரு மணித்தியாலம் போனால் தோள் வலிக்கும். பின்னச்சு ஒரே தண்டு, அதனால் குண்டுகுழிகளில் இடுப்பு எல்லாவற்றையும் வாங்கும். பிரேக் முன்னும் பின்னும் டிரம், தண்ணீரைக் கடந்த கையோடு பிடிக்காது, கொஞ்சத் தூரம் மெல்ல அமுக்கியபடியே போய்க் காய வைக்க வேண்டும். உச்சி வெயிலில் இளக்கமான மணலில் நெடுநேரம் முதல் கியரில் உறுமிக்கொண்டிருந்தால் எஞ்சின் சூடேறும், நிழல் கண்ட இடத்தில் நிறுத்துங்கள்.

சரி, வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது? முதலில், அந்த வண்டி வயலில் மட்டும் நின்றதா, இல்லை கடற்கரையில் வள்ளமும் இழுத்ததா என்று கேளுங்கள். இழுத்ததென்றால் வண்டியின் இரும்புச் சட்டத்தின் அடிப்பக்கத்தை, முக்கியமாகக் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே, ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உப்பு தின்ற இரும்பு மந்தமாகக் கேட்கும், சில இடத்தில் பொருக்கோடு உதிரும். அப்படி உதிர்ந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள், எஞ்சினைச் செய்யலாம், உளுத்துப்போன சட்டத்தை யார் செய்து தருவது. அப்புறம் பின்னச்சு ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், சக்கரத்துக்குப் போகும் தண்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சின்னச் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன, அதிகம் விற்ற வண்டி அது. பதிவுப் பத்திரத்தையும் பாருங்கள், பத்திரம் இல்லாமல் வீதியில் ஏற்றினால் பொலிஸில் மாட்டுவீர்கள்.

கூட்டத்தோடு ஓடும்போது உங்களைக் கடைசியில் விட வேண்டாம் என்று நண்பர்களிடம் முதலே சொல்லிவிடுங்கள். முன்னால் போகிறவருக்கு அடுத்து உங்கள் வண்டி, கடைசியில் நன்றாகப் பழகிய ஒருவர். மெதுவான வண்டியைப் பின்னால் விட்டால் அதை ஓட்டுகிறவர் பிடிக்க வேண்டுமே என்று தன் அளவை மீறுவார், விபத்து அங்கேதான் வருகிறது. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று பின்னால் வருகிறவரைக் கண்ணால் கண்ட பிறகே திரும்ப வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கூட்டமென்றால், தம்பி, புது வண்டி வாங்கினாலும் அவர்களோடு போக வேண்டாம்.

ரயர் காற்று பொதுவாக 5 பி.எஸ்.ஐ.க்குள்தான் இருக்கும், கார் ரயர் பார்க்கிற மீற்றர் அதைச் சரியாகக் காட்டாது, சின்ன அளவு மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள், சைக்கிள் பம்ப் போதும். உங்கள் வண்டியின் முன்னும் பின்னும் உள்ள தட்டுகளில் எல்லோருக்கும் தண்ணீர், கயிறு, பம்ப் ஏற்றலாம், நண்பர்களுக்கு அது பெரிய உதவி. களப்பு ஓரங்களில் மேலே வெள்ளையாகக் காய்ந்து கிடப்பதை நம்பி இறங்காதீர்கள், அடியில் சேறு, இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி அச்சு வரை புதையும். கரைவலை இழுக்கிற இடத்தில் கயிற்றைக் கடக்கவே கூடாது, அது அவர்களுடைய பிழைப்பு. யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் பொழுது சாயுமுன் வீதிக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: இவர் எங்கள் 12 வயது மகனைக் குவாட் வண்டியின் பின் தட்டில் இருத்திக்கொண்டு போகிறார். மெதுவாகத்தானே போகிறேன் என்கிறார். சரியா அண்ணா?
– கிண்ணியா வாசகி

பதில்: சரியில்லை, தங்கச்சி. அந்த வண்டியின் நீளமான சீற்றே ஒருவருக்குத்தான், ஏற்றத்தில் முன்னுக்கும் இறக்கத்தில் பின்னுக்கும் உடம்பை நகர்த்தத்தான் அந்த நீளம். பின் தட்டில் இருக்கிற ஆளால் அப்படி முன்னுக்கு நகர முடியாது, ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின்னுக்குப் போய் வண்டி மல்லாக்கப் புரளும், முதலில் அடியில் போவது பிள்ளை. மெதுவாகப் போவதால் அது மாறாது. இருவர் போவதற்கென்றே பின் சீற்றும் கைபிடியும் வைத்துச் செய்த வண்டிகள் இருக்கின்றன, அவற்றிலும் பின்னால் இருப்பவரின் வயதுக்குக் கட்டுப்பாடு உண்டு, வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். அதுவரை மகனை இறக்கிவிடச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.