பந்தலுக்கு அடியில் உதிர்ந்த திராட்சையை நாய் தின்னலாமா?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறோம். காவலுக்கு மூன்று வயதுக் கோம்பை நாய், 20 கிலோ இருக்கும். கொத்து வெட்டும்போது உதிர்கிற பழத்தை இரண்டு வருடமாகத் தின்கிறது, ஒன்றும் ஆனதில்லை. போன வாரம் இரண்டு தடவை வாந்தி எடுத்தது, அதில் திராட்சைத் தோல் கிடந்தது. ஒருநாள் சுருண்டு படுத்துவிட்டு எழுந்துவிட்டது. திராட்சை நாய்க்கு விஷம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நிஜமா? வீட்டில் மிஞ்சும் குழம்புச் சோறுதான் அதற்குச் சாப்பாடு.
– பெண் விவசாயி, உத்தமபாளையம் வட்டம்

பதில்: அம்மா, அவர் சொன்னது நிஜம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலர்திராட்சை இன்னும் மோசம். தண்ணீர் வற்றியதால் கொஞ்சத்திலேயே நிறைய உள்ளே போய்விடும்.

‘இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். இத்தனை பழம் வரை தின்னலாம் என்று யாராலும் அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் தாங்குவதை இன்னொரு நாய் தாங்காது. நேற்றுத் தாங்கிய நாயே நாளை விழலாம், ஏனென்றால் பழமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலத்தின் உப்புச் சேர்த்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களுக்கும், திராட்சை தின்ற நாய்களுக்கு வருகிற அதே சிறுநீரகக் கோளாறு வந்ததைப் பார்த்துத்தான் பிடி கிடைத்தது. திராட்சையில் அந்த அமிலத்தின் அளவு ரகத்துக்கு ரகம் மாறும். காயில் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். ஆகவே கொத்தில் காய் கழித்துக் கீழே தள்ளும் நாட்களில் நாயைப் பந்தல் பக்கமே விடாதீர்கள்.

இன்னொரு விஷயம். டார்டாரிக் அமிலம் நிறைந்த பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது: புளி. புளி தின்ற நாய்களுக்கும் இதே கோளாறு வந்திருக்கிறது. நாய் எதையோ தின்றுவிட்டது என்றால் சிலர் புளிக்கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், திராட்சை தின்ற நாய்க்கு அது அதே விஷத்தை மறுபடி ஊட்டுவதுதான். உப்புத் தண்ணீரும் வேண்டாம். ரத்தத்தில் உப்பு ஏறி நாய் வலிப்பு வந்து சாகும்.

பழம் தின்றதைக் கண்ணால் பார்த்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, இரண்டு நாளாவது டிரிப் ஏற்றுவார். முதல் நாள் வாந்தியும் சோர்வும், தீனி வேண்டாமென்று முகத்தைத் திருப்புவதும் இருக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் மூத்திரம் குறையும். மூத்திரம் நின்றபின் வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். பந்தலுக்கு மருந்து அடித்திருந்தால் அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

உங்கள் நாய் ஒரு வாரம் கழித்தும் நன்றாகத் தின்று, வழக்கம்போல் மூத்திரம் போகிறது என்றால் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. ஆனாலும் ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் அளவையும் மூத்திரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெடும்வரை நாய் வெளியே காட்டிக்கொள்ளாது.

குழம்புச் சோற்றுக்கு வருகிறேன். புளியைச் சொல்லிவிட்டேன். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நச்சு போகாது. உடல் எடையில் 200-ல் ஒரு பங்கு வெங்காயம், அதாவது உங்கள் நாய்க்கு 100 கிராம், ஒரே வேளையில் போனாலே ஆபத்து. பூண்டு இன்னும் குறைவாகவே போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து கெடுக்கும். மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உலை இறக்கியதும், குழம்பு சேரும் முன்பே நாயின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். வெறும் சோறு அல்லது கேழ்வரகுக் களியோடு வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கறி, இது போதும். வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். பிள்ளைகள் கையிலிருக்கும் சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா சூயிங்கமும் நாய்க்கு எட்டக் கூடாது.

கம்பத்தில் வருடம் முழுக்கத் திராட்சை அறுப்பு உண்டு என்பதால் இது ஒரு பருவத்தோடு தீரும் வேலை இல்லை. வெட்டும் வரிசைக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, உதிர்ந்ததை அன்றன்றைக்கு அள்ளுங்கள். எருக்குழியில் போட்டால் மேலே முழ உயரம் மண் தள்ளி முள் வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் கோம்பை நாய் தோண்டிவிடும். வேலை முடியும்வரை அதைப் பந்தலுக்கு வெளியே, மோட்டார் அறை நிழலில் தண்ணீர் வைத்துக் கட்டுங்கள்.