தம்பி வாங்கிய படகும் குளிர்கால வாடகையும்

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறான். கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு சேர்ந்து செப்டெம்பரில் பழைய பாய்மரப் படகு ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறான். 26 அடி, வெஸ்டர்லி சென்டார் ரகமாம். இப்போது குளிர்காலத்துக்கு அதைக் கரையேற்றி வைக்க, படகுகள் நிறுத்தும் மரீனாவில் கேட்கும் பணம் படகின் விலையையே தாண்டுகிறதாம். கிரேக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் மலிவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, நீ கொஞ்சம் அனுப்பு, ஏப்ரலில் தந்துவிடுகிறேன்" என்கிறான். நகையை அடகு வைத்து அனுப்பலாமா? அது தண்ணீரிலேயே கிடந்தால்தான் என்ன?
– வாசகி, ஹட்டன்

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும் சகோதரி. உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் தம்பி முதலில் கேட்டிருக்க வேண்டும்.

செப்டெம்பரில் மலிவாகக் கிடைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. குளிர்காலச் செலவு தலையில் விழும் முன்னே கைகழுவிவிடலாம் என்று விற்பவர்கள் அங்கே நிறைய. அக்டோபரில் கரையேற்றி ஏப்ரலில் திரும்ப இறக்குவது வழக்கம். புயலுக்குப் பயந்தும், அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க பெயின்ட் அடிக்கவும்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அது கட்டாயமில்லை. தம்பியின் படகைப் பொறுத்தவரை அது தேவையே இல்லாமலும் போகலாம்.

ஏனென்றால் சென்டாருக்கு அடியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கீல்கள், அதாவது படகின் அடியிலிருந்து கீழே நீளும் கனமான தகடுகள். 1969இலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டிய ரகம் அது. மூன்றடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும். கடல் மட்டம் இறங்கித் தண்ணீர் வற்றினால் சாயாமல் தன் காலிலேயே நிற்கும். எசெக்ஸின் பிளாக்வாட்டர், குரௌச் ஆறுகளின் முகத்துவாரங்களில், தண்ணீர் வற்றும்போது படகு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும் இடங்களை வாடகைக்கு விடுகிறார்கள். தென்கரையின் பெரிய மரீனாக்களோடு பார்த்தால் வாடகை மிகக் குறைவு. குளிர்காலம் முழுக்க அங்கேயே விட்டுவிட்டு, வசந்தத்தில் கடல் வற்றிய நேரம் பார்த்து அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். கிரேன் கூலியே மிச்சம். சொந்தக்காரரே வேலை செய்ய விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்க வேண்டும். சில இடங்களில் தங்கள் ஆட்களைத்தான் வைக்கச் சொல்வார்கள்.

தண்ணீரில் விட்டாலும் கரையில் விட்டாலும் இஞ்சினைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் பனி விழுந்து கொழுந்து கருகுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே அதைவிடக் கடுமை. இஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பருக்கும், இரும்பு பிளந்துவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, உறையாத திரவத்தை உள்ளே ஓடவிட்டு மூட வேண்டும். செலவு அற்பம். இதைச் செய்யாமல் இஞ்சின் வெடித்தால் பல இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பணம் தராது. பாய்களையும் கழற்றி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். சுருட்டி விட்ட பாய் புயலில் அவிழ்ந்தால் படகு நாசமாகலாம்.

கரையில்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தால், அருகில் இருக்கும் பாய்மரக் கிளப்பில் சேரட்டும். ஒக்டோபரில் ஒரு வார இறுதியில் உறுப்பினர்கள் சேர்ந்து கிரேன் அமர்த்தி, படகுகளை வரிசையாகத் தூக்கி, கூலியைப் பங்கு போட்டுக்கொள்ளும் கிளப்புகள் பல உண்டு. அதுவும் முடியாமல் படகு வைக்கும் யார்டுக்கே போனால், விலைப்பட்டியலை நம்ப வேண்டாம், எழுத்தில் எஸ்டிமேட் கேட்கட்டும். பட்டியலில் இருப்பது பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு ஒரு மாதத்துக்கு என்ற வாடகை மட்டும்தான். தூக்க, கழுவ, முட்டுக்கொடுக்க, திரும்ப இறக்க எல்லாம் தனித்தனி. அதன்மேல் 20 வீதம் வற். நீளத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதிலும் காசு போகும்: 26 அடி என்பது 7.9 மீட்டர், பின்னால் தொங்கும் ஏணியையும் சேர்த்து அளந்து 9 மீட்டர் என்று பில் போட்டால் என்ன செய்வது? இன்னொன்று, படகு கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டால் முன்னால் நிற்பவற்றை நகர்த்தும் கூலி யார் தலையில் என்பதையும் கேட்க வேண்டும்.

கிரேக்கக் கதைக்கு வருவோம். ப்ரெவேசா, லேரோஸ் பக்கம் யார்டுகள் இருப்பதும், பலர் குளிர்காலத்தில் படகை அங்கே விடுவதும் உண்மைதான். படகு ஏற்கெனவே மத்தியதரைக் கடலில் இருந்தால் அது நல்ல யோசனை. எசெக்ஸிலிருந்து 26 அடிப் பழைய படகை அங்கே கொண்டுபோவதற்குள் ஒரு கோடைகாலமே முடிந்துவிடும். தம்பி வைத்திருப்பது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் படகைப் போய்ப் பார்க்கவே ஷெங்கன் விசா வேண்டும், அதிலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் படகை வரி கட்டாமல் 18 மாதம்தான் அங்கே வைத்திருக்கலாம். மிச்சம் பிடிக்கப் போய் விமான டிக்கெட்டில் விடுவதற்கு ஒரு படகு எதற்கு?

யார்டில் கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் கேளுங்கள். வாடகை கட்டாமல் கிடக்கும் பொருளை உரிய நோட்டீஸ் கொடுத்து விற்க இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழி விடுகிறது. கையெழுத்து தம்பியுடையது என்றால் பாக்கியும் அவன் பெயரில்தான் நிற்கும்.

எப்படியும் உதவுவதென்று முடிவெடுத்தால் பேங்க் வழியாக மட்டும் அனுப்புங்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளியே போகும் பணத்துக்கு விதிகள் உண்டு. என்ன ஆதாரம் வேண்டும் என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டியல்காரர் பக்கம் போக வேண்டாம். அதற்கு முன், படகு மூன்று பேருடையது என்றால் மற்ற இருவரும் எவ்வளவு போடுகிறார்கள் என்று தம்பியிடம் கேட்டுவிடுங்கள்.